இருபது நிமிடம் பஸ் இல்லை, பிறகு இரண்டு சேர்ந்து வருகின்றன: இதற்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கிறதா?

யீஷூன்வாசி எழுதியது:

இன்று காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். பலகையில் 4 நிமிடம் என்று காட்டியது. நான்கு நிமிடம் கழித்துப் பார்த்தால் அப்போதும் 4 நிமிடம். கடைசியில் ஒரே எண்ணுள்ள இரண்டு பஸ்கள், முன்னதன் வாலைப் பின்னது பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன. முதல் பஸ்ஸில் கதவை மூட இடமில்லை. இரண்டாவதில் எண்ணி ஆறு பேர்.

ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் என்று இதற்காகவே ஒரு துறை இருக்கிறதாம், பல்கலைக்கழகத்தில் பட்டமும் தருகிறார்களாம். படித்து வெளியே வந்தவர்கள் எங்கே? தூங்குகிறார்களா?

சந்தேகச்சாமி எழுதியது:

தூங்கவில்லை. கூட்டம் போடுகிறார்கள்.

ஓட்டுநர்இருக்கை எழுதியது:

அந்த இரண்டாவது பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் நான். உங்களுடைய அதே வழித்தடமாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் கதை ஒன்றுதான்.

முனையத்திலிருந்து பத்து நிமிட இடைவெளியில்தான் கிளம்புகிறோம். முன்னே போகிறவருக்கு ஒரு நிறுத்தத்தில் சக்கர நாற்காலிப் பயணி ஒருவர். சரிவுப் பலகையை இறக்கி, ஏற்றி, பெல்ட் மாட்ட இரண்டு நிமிடம் ஆகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் கூடிவிடுகிறார்கள். அவர்களை ஏற்ற இன்னும் நேரம். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிகம் பேர். பின்னால் வரும் எனக்கு ஏற்ற ஆளே இல்லை, எல்லாரையும் அவர் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் மெதுவாகிக்கொண்டே போகிறார், நான் விரைந்துகொண்டே போகிறேன். எட்டாவது நிறுத்தத்தில் அவருடைய பின்விளக்கு தெரிகிறது. யாரும் தவறு செய்யவில்லை. தானாகவே நடக்கிறது.

அட்டவணைப்பித்தன் எழுதியது:

தூங்குகிறவர்களில் நானும் ஒருவன். பஸ் நிறுவனத்தில் இல்லை, சரக்குப் போக்குவரத்தில், தொழில் ஒன்றே.

முதலில் பெயர். தமிழில் செயல்பாட்டு ஆய்வு என்று சொல்லலாம். என் அம்மா தஞ்சாவூரில் அக்கம்பக்கத்தாரிடம் “மகன் ஆப்பரேஷன் ஆராய்ச்சி செய்கிறான்” என்று சொல்லிவைத்ததில், இரண்டு பேர் குடலிறக்கத்துக்கு என்னிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். அந்த ஆப்பரேஷன் மருத்துவருடையது அல்ல, ராணுவத்துடையது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் விஞ்ஞானிகளைப் படைத் தலைமையகங்களில் உட்காரவைத்தது. பிளாக்கெட் என்ற இயற்பியலாளரின் குழு, அட்லாண்டிக்கில் மூழ்கிய கப்பல்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. சரக்குக் கப்பல்கள் காவல் கப்பல்களோடு சிறு கூட்டமாகப் போனாலும் பெரிய கூட்டமாகப் போனாலும், நீர்மூழ்கிகளால் மூழ்கும் கப்பல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் பெரிய கூட்டமாக அனுப்பினால் இழப்பு விகிதம் குறைகிறது. காரணமும் எளிது: கூட்டம் இரு மடங்கானால் அதன் பரப்பு இரு மடங்காகும், காவல் காக்க வேண்டிய சுற்றளவு அவ்வளவு கூடாது. புதிய ஆயுதம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவே.

இனி உங்கள் பஸ். பத்து நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவரின் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். இப்போது அதே பஸ்கள் 18 நிமிடம், 2 நிமிடம், 18, 2 என்று மாறி மாறி வருகின்றன என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அதே ஆறு பஸ்கள்தான். ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சராசரி 9 நிமிடம். மீதி ஒருவருக்கு 1 நிமிடம். மொத்தச் சராசரி 8.2. நிறுவனம் “பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டோம்” என்கிறது, அது பொய்யில்லை. நீங்கள் “எப்போதும் எனக்கு மட்டும் இப்படி” என்கிறீர்கள், அதுவும் பொய்யில்லை.

அந்த 8.2க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம்தான் கூடுதல் காத்திருப்பு நேரம். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014ல் கொண்டுவந்த பஸ் நம்பகத்தன்மைத் திட்டம் அளந்தது இதைத்தான். குறைத்தால் ஊக்கத்தொகை, கூடினால் அபராதம். எத்தனை பஸ் விட்டாய் என்ற கேள்வி போய், பயணி எவ்வளவு நேரம் நின்றார் என்ற கேள்வி வந்தது. இந்தத் துறையில் பாதி வேலை இப்படிக் கேள்வியை மாற்றுவதுதான்.

யீஷூன்வாசி எழுதியது:

சரி, அளந்தாயிற்று. தீர்வு என்ன?

ஓட்டுநர்இருக்கை எழுதியது:

முன்னே திணறுகிறவரை விரைவாக்க முடியாது. பின்னே வருகிறவனை நிறுத்தலாம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி வரும்: அடுத்த நிறுத்தத்தில் 2 நிமிடம் நில். நிற்பேன். கதவு திறந்திருக்கும், இறங்க ஆளில்லை, ஏற ஆளில்லை. கண்ணாடியில் பார்த்தால் எல்லா முகமும் என்னையே பார்க்கும். போன வாரம் ஒரு பெரியவர் எழுந்து வந்து, “தம்பி, கழிவறை போக வேண்டுமென்றால் போய்விட்டு வா, நாங்கள் காத்திருக்கிறோம்” என்றார். கேலியா அக்கறையா என்று இன்றுவரை தெரியவில்லை.

சந்தேகச்சாமி எழுதியது:

நான் கேட்க நினைத்தது இதைத்தான். பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தால், 2 நிமிடம் நிறுத்துவது அவர்களிடமிருந்து 80 நிமிடம் பிடுங்குவது. யாருக்காக? இன்னும் நிறுத்தத்துக்கே வராத யாரோ சிலருக்காக. இந்தப் பேரத்தை யார் பேசி முடித்தது? கணக்குதான் சொன்னது என்று சொல்லாதீர்கள். கணக்குக்கு வாய் கிடையாது.

அட்டவணைப்பித்தன் எழுதியது:

சொல்லமாட்டேன். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் ஒரு நிமிடமும் வெயிலில் நிற்பவரின் ஒரு நிமிடமும் சமமா என்று யாரோ ஒருவர் முடிவு செய்து எண்ணாக எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு நடப்பதுதான் கணக்கு. எழுதியவர் பெரும்பாலும் என்னைப் போல ஒருவர். அவர் பஸ்ஸில் போகிறவரா என்று நீங்கள் கேட்கலாம்.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

நான் தாதி. பஸ்ஸை விடுங்கள், மருத்துவமனைக்கு வாருங்கள். எங்கள் பிரிவில் “மருத்துவரின் நேரம் 15 விழுக்காடு வீணாகிறது” என்று ஒரு ஆலோசகர் அறிக்கை எழுதினார். அதை நிரப்பினார்கள். நோயாளிகளின் காத்திருப்பு எங்கேயோ ஏறிப்போய்விட்டது. திட்டு வாங்குவது முகப்பில் நிற்கும் நாங்கள். இதற்கும் கணக்கு இருக்கிறதா?

அட்டவணைப்பித்தன் எழுதியது:

இருக்கிறது அக்கா, நூறு ஆண்டுக்கு மேல் பழைய கணக்கு. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங் என்பவர் 1909ல் தொடங்கிவைத்தது. இணைப்பகத்தில் எத்தனை கம்பி இருந்தால் போதும் என்பது அவர் கேள்வி.

ஒரு மருத்துவர், ஒரு நோயாளிக்குச் சராசரி 10 நிமிடம், ஆட்கள் முன்பதிவில்லாமல் தோன்றியபடி வருகிறார்கள், ஒருவருக்கு ஆகும் நேரமும் கூடக்குறைய இருக்கிறது. மருத்துவர் 80 விழுக்காடு நேரம் வேலையாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு 40 நிமிடம். 90 விழுக்காடு ஆக்கினால் 90 நிமிடம். 95 ஆக்கினால் 190 நிமிடம். கடைசி ஐந்து விழுக்காட்டைப் பிழிவதற்காக நூறு நிமிடம். முன்பதிவு முறை இருந்தால் எண்கள் இறங்கும், ஆனால் கடைசியில் சட்டென்று ஏறும் அந்தப் போக்கு அப்படியேதான் இருக்கும். அந்த ஆலோசகர் “வீண்” என்று எழுதியது வீண் அல்ல, வரிசை மூச்சுவிடும் இடம். ஆம்புலன்ஸ் சும்மா நிற்பதை யாரும் வீண் என்று சொல்வதில்லையே.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

அந்த மூன்று எண்ணையும் அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இன்னொன்று சொல்கிறேன். பணிப்பட்டியல் போடும் மென்பொருள் வந்தது. அதற்கு முன் மூத்த தாதி ஒருவர் பென்சிலால் போடுவார். எழுதிவைத்த விதிகள் மென்பொருளுக்கு நன்றாகத் தெரியும்: இரவுப்பணி முடிந்து மறுநாள் காலைப்பணி கிடையாது, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, ஒவ்வொரு பணிநேரத்திலும் அனுபவசாலி ஒருவர். மிகைநேரச் செலவும் குறைந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பென்சில்காலத்தில் சீனப் புத்தாண்டுக்கு நான் வேலை செய்வேன், தீபாவளிக்கு என் சீனத் தோழி மெய் வேலை செய்வார், நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் இருவரும். எந்தக் கோப்பிலும் இது எழுதப்படவில்லை. மென்பொருள் எல்லாரையும் ஒன்றாகப் பார்த்தது. அந்தப் பார்வையில் தீபாவளியும் ஒரு நாள், அதற்கு அடுத்த வாரமும் ஒரு நாள். முதல் ஆண்டு தீபாவளி அன்று நான் வேலையில், மெய் வீட்டில் சும்மா. “உன் வீட்டு முறுக்கு இல்லாமல் எனக்கு என்ன விடுமுறை” என்று குறுஞ்செய்தி அனுப்பினார். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பட்டியல் பூட்டப்பட்டுவிட்டது.

இரண்டாம் ஆண்டு சண்டை போட்டு, பண்டிகை விருப்பத்தை முன்கூட்டியே தரும் ஒரு கட்டம் சேர்த்தார்கள். இப்போது பரவாயில்லை.

சந்தேகச்சாமி எழுதியது:

மென்பொருளுக்கு முறுக்கு தெரியவில்லை. குறித்துக்கொண்டேன்.

அட்டவணைப்பித்தன் எழுதியது:

இந்தத் துறையின் முதல் நகைச்சுவையே சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டிக்லர் 1945ல் ஒரு கேள்வி கேட்டார்: ஓர் ஆளுக்கு வேண்டிய சத்தெல்லாம் கிடைக்கும்படி, மிகக் குறைந்த செலவில் என்ன சாப்பிடலாம்? 77 உணவுகள், 9 சத்துகள். கையால் தேடி, ஆண்டுக்கு 39.93 டாலர் என்றார். கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், கீரை, காய்ந்த பீன்ஸ், அவ்வளவே. 1947ல் அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்சிக் கண்டுபிடித்த, வரம்புகளுக்குள் மிகக் குறைந்த செலவைத் தேடித்தரும் சிம்ப்ளெக்ஸ் முறையைச் சோதிக்க இதே கணக்கைக் கொடுத்தார்கள். ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்குப்பொறிகளோடு உட்கார்ந்தார்கள். 120 ஆள்நாள் வேலை. விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் குத்துமதிப்பு 24 காசுதான் தவறியிருந்தது.

பிற்பாடு டான்ட்சிக் தன் எடையைக் குறைக்க இதே முறையைத் தனக்கே போட்டுப் பார்த்தார். கணினி அவருக்கு எழுதிக்கொடுத்த உணவுப் பட்டியலில் 500 காலன் வினிகர் இருந்தது. வினிகரை நீக்கினால், நாளுக்கு 200 சூப் கட்டிகள். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்று வரம்பு போட வேண்டியதாயிற்று. மனிதன் 200 சூப் கட்டி தின்னமாட்டான் என்று யாரும் கணினிக்குச் சொல்லியிருக்கவில்லை. தாதி அக்கா சொன்ன தீபாவளியும் இதே கதைதான்: நமக்கு எது மிகத் தெளிவோ, அதைத்தான் எழுத மறந்துவிடுகிறோம்.

பழையதுறைமுகத்தான் எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுகிறவன் இல்லை. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1972 ஜூன் 23 அன்று சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முதல் கொள்கலன் கப்பல் வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. மூட்டை தூக்கிய அப்பாவின் கூட்டாளிகள் அந்த இரும்புப் பெட்டிகளைப் பார்த்து, இனி நம் தோளுக்கு என்ன வேலை என்றார்கள். தோளுக்கு வேலை போனது, தலைக்கு வேலை வந்தது. பெட்டியை அடுக்குவது எளிது, எடுப்பதுதான் கடினம். ஐந்தடுக்கில் அடியில் இருக்கும் பெட்டி வேண்டுமென்றால் மேலே உள்ள நான்கையும் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். அந்த நான்கு எடுப்புக்கும் யாரும் காசு தரமாட்டார்கள். சிங்கப்பூருக்கு வரும் பெட்டிகளில் பெரும்பகுதி இங்கே இறங்கித் தங்குவதில்லை, இன்னொரு கப்பலுக்கு மாறிப்போகும். ஆகவே இறக்கும்போதே, எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்துக்கு, என்ன எடையில், எப்போது ஏறும் என்று தெரிந்து அடுக்க வேண்டும். கனமானது கப்பலின் அடியில், முதலில் இறங்குவது மேலே. இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். அதோடு கப்பல் தாமதமாக வந்தால் அடுக்கு முழுவதும் தலைகீழ்.

ஆரம்பத்தில் ஒரு பெரிய பலகையும் அட்டைகளும் வைத்துத் திட்டமிட்டோம். எங்களில் ஒரு மலாய்க்காரர், பெட்டி எண்ணைச் சொன்னால் எந்த வரிசை எந்த அடுக்கு என்று பலகையைப் பார்க்காமலே சொல்வார். அவர் விடுப்பில் போனால் எங்களுக்குக் காய்ச்சல். கணினி வந்தபோது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். 2024ல் இந்தத் துறைமுகம் கையாண்டது 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல், இருபது அடிப் பெட்டிக் கணக்கில். துவாஸில் எழும் புதிய துறைமுகம் முழுதாகக் கட்டி முடியும்போது அங்கே மட்டும் 6 கோடியே 50 லட்சம் என்கிறார்கள். ஆளில்லா வண்டிகள் ஓடுகின்றன. எந்த மனிதத் தலைக்கும் இது அடங்காது, நான் ஒத்துக்கொள்கிறேன்.

பஸ்ஸைப் பற்றிப் பேசினீர்கள், சாலைக்கும் ஒரு கதை உண்டு. 1975 ஜூனில் நகரத்துக்குள் காரில் நுழைய நாளுக்கு 3 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஓர் அனுமதி வில்லை என்று வைத்தார்கள், காலை 7.30 முதல் 9.30 வரை. நான்கு பேர் காரில் இருந்தால் இலவசம். என் முதலாளி பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்தி, முன்பின் தெரியாதவர்களை “வாங்க வாங்க” என்று ஏற்றிக்கொண்டு போவார்; அதுவரை எங்களுக்கு ஒரு காப்பி வாங்கித் தந்ததில்லை. ஆள் கிடைக்காத நாளில் எல்லைக்கு வெளியே ஒதுங்கி 9.30க்காகக் காத்திருப்பார். அவரைப் போல ஊரே காத்திருந்தது. 9.31க்குப் புது நெரிசல். இரண்டு மாதத்தில் நேரத்தை 10.15 வரை நீட்டிவிட்டார்கள். பிறகுதான் முதலாளி பஸ்ஸில் வந்தார்.

யீஷூன்வாசி எழுதியது:

ஐயா, நீங்கள் அடிக்கடி எழுத வேண்டும். 2013ல் காலை 7.45க்கு முன் நகர நிலையங்களில் இறங்கினால் ரயில் இலவசம் என்று வைத்தபோது, 7.44க்கு வெளியேறும் வாயிலை நோக்கி ஓடியவர்களில் நானும் ஒருவன்.

தேக்காதோசை எழுதியது:

பெரிய துறைமுகம், பெரிய மருத்துவமனை எல்லாம் சரி. எனக்கு உணவங்காடியில் பத்தடிக் கடை. என் கேள்வி ஒன்றுதான்: சனி இரவு எத்தனை தோசைக்கு மாவு அரைப்பது? ஞாயிறு தொழிலாளர் விடுதிகளிலிருந்து தம்பிகள் வந்து எங்கள் தேக்கா வட்டாரம் நிறைந்துவிடும். சில ஞாயிறு மாவு மிஞ்சுகிறது, சில ஞாயிறு பற்றவில்லை. இப்போதைக்கு 220 தோசைக்கு அரைக்கிறேன். விலை 2 வெள்ளி. எனக்கு ஆகும் செலவு 60 காசு. மிஞ்சிய மாவு திங்கட்கிழமை புளித்து ஊத்தப்பம் ஆகும், அதில் 20 காசு திரும்பும்.

அட்டவணைப்பித்தன் எழுதியது:

அண்ணே, இதற்குப் பெயரே உண்டு: செய்தித்தாள் விற்பவர் கணக்கு. காலையில் எத்தனை தாள் வாங்குவது என்று அவருக்கும் இதே தலைவலி.

ஒரு தோசை குறைந்தால் இழப்பது 1.40 வெள்ளி. ஒன்று மிஞ்சினால் இழப்பது 40 காசு. 1.40ஐ இரண்டின் கூட்டான 1.80ஆல் வகுத்தால் 9ல் 7. அதாவது ஒன்பது ஞாயிற்றில் ஏழில் மாவு போதுமானதாகவும் இரண்டில் பற்றாமலும் இருக்கும்படி அரைப்பதுதான் லாபம். ஊத்தப்பம் போடாமல் கொட்டிவிட்டால் அது 10ல் 7 ஆகிவிடும். புளித்த மாவுக்கும் கணக்கில் மதிப்பு உண்டு.

ஆனால் ஒன்று: விற்ற எண்ணிக்கை வேண்டாம், கேட்ட எண்ணிக்கை வேண்டும். மாவு தீர்ந்த பிறகு வந்து திரும்பியவர்களையும் எண்ணுங்கள். வார நாளையும் ஞாயிறையும் கலக்காதீர்கள்.

தேக்காதோசை எழுதியது:

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். என் மனைவி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து எண்ணினார். சிறியதிலிருந்து பெரியதாக: 142, 150, 155, 160, 168, 171, 180, 190, 230. கடைசியது தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. அன்று பத்துப் பேர் திரும்பிப் போனார்கள்.

அட்டவணைப்பித்தன் எழுதியது:

அக்காவுக்கு வேலை கொடுக்க எங்கள் அலுவலகம் தயார்.

வரிசையில் ஏழாவது எண் 180. அதுதான் விடை. 180 முதல் 190 வரை எதை எடுத்தாலும் வரவு செலவு ஒன்றாகவே வரும், மாவாட்டும் வேலை மிச்சம் என்பதால் 180. ஒன்பது ஞாயிற்றிலும் 220க்கு அரைத்ததில் மிஞ்சியதும் தவறியதுமாக இழந்தது 191.60 வெள்ளி. 180க்கு அரைத்திருந்தால் 137.60.

சந்தேகச்சாமி எழுதியது:

வித்தியாசம் 54 வெள்ளி. ஒரு ஞாயிற்றுக்கு 6 வெள்ளி. ஒன்பது வாரம் காலண்டரில் கோடு கிழித்ததற்கு மூன்று தோசைக் காசு! வாழ்க விஞ்ஞானம்.

அட்டவணைப்பித்தன் எழுதியது:

சிரியுங்கள், நியாயம்தான். சரியான எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாலே பெரும்பாலும் போதும் என்பதும் இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் அதே 6 வெள்ளியை நாலு கோடிப் பெட்டியால் பெருக்கிப் பாருங்கள்.

தேக்காதோசை எழுதியது:

தம்பி, கணக்கு புரிந்தது. ஆனால் 180க்கு அரைக்கமாட்டேன். ஆறு நாள் வெயிலில் வேலை செய்துவிட்டு, ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று, ஒரு தோசை கேட்கிற பையனிடம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது. 220தான்.

அட்டவணைப்பித்தன் எழுதியது:

அப்படியானால் நான் உங்கள் இழப்பைத் தவறாக எழுதிவிட்டேன், அண்ணே. திருத்துகிறேன். 190க்கு மேல் நீங்கள் அரைக்கும் ஒவ்வொரு தோசையும் எட்டு ஞாயிற்றில் மிஞ்சுகிறது. எட்டு முறை 40 காசு, 3.20 வெள்ளி. ஒரே ஞாயிற்றில்தான் பயன்படுகிறது. தெரிந்தே அதைச் செய்கிறீர்கள் என்றால், ஒருவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது உங்களுக்குக் குறைந்தது 3.20 வெள்ளி பெறும். அதில் 1.40 லாபம். மீதி 1.80 அந்தப் பையனின் முகம்.

தேக்காதோசை எழுதியது:

மனைவியிடம் காட்டினேன். விலையைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்கிறார்.

யீஷூன்வாசி எழுதியது:

இந்த ஞாயிறு குடும்பத்தோடு வருகிறேன், நான்கு தோசை எடுத்து வையுங்கள். எட்டு மணிக்கு வந்துவிடுவோம். பஸ் வந்தால்.

ஓட்டுநர்இருக்கை எழுதியது:

ஞாயிறு எனக்கு ஓய்வு. நானும் அதே பஸ்ஸுக்குத்தான் நிற்பேன்.